காலியாக நின்ற லிஃப்ட்

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் ஸ்தோத்திரம். லிஃப்டின் கம்பிக் கதவை இழுத்துத் திறக்கிறபோதெல்லாம் "ஸ்தோத்திரம், வாங்க" என்று சொல்லுவார். அதையே பெயராக்கி அவர் தலையில் கட்டிவிட்டார்கள். "ஸ்தோத்திரம் இப்ப எந்த மாடியில?" என்று ஒரு நர்ஸ் கேட்பாள். "நாலாவதுல சிக்கிக்கிச்சு" என்று இன்னொருத்தி சொல்லுவாள். புதிதாக வந்த நோயாளிகள் இதைக் கேட்டுவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள்.

அவரும் தன் பங்குக்குச் சிரிப்பார். "நாளைக்கு நூறு தடவை உசந்தவன் இந்த ஊர்ல என்னைத் தவிர யாரு? ஆனா பாருங்க, சாயங்காலம் எண்ணிப் பார்த்தா தரையிலதான் நிக்கிறேன்" என்பார். இருபத்தாறு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் இருபத்தாறு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வயது ஐம்பத்தேழு. ஒல்லியான உடம்பு, கால் மட்டும் சாயங்காலமானால் வீங்கிவிடும். ஆறு மாடிக் கட்டடத்தின் சின்ன லிஃப்ட் அவருடைய பொறுப்பு. ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி, பொத்தான்கள் பதித்த பித்தளைத் தகடு. ஒரு ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் ஸ்டூலை மடக்கி இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவரைப் போலப் பொறுமைசாலி உண்டா என்று எல்லாரும் கேட்பார்கள். பிறவியிலேயே அப்படி என்று நினைத்தவர்களும் உண்டு. அவருடைய வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால் கதை வேறே.

முப்பது வயதில் அந்த மனுஷனுக்கு மூக்கின் நுனியில் கோபம். அப்போது மாவு மில்லில் வேலை. மேஸ்திரி ஏதோ ஒரு சொல் சொன்னார் என்று கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தார். மேஸ்திரியின் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டது. அன்றோடு வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் மேலே குரலெடுத்துப் பாடுவார். திரும்பி வருகிற வழியில், பெண்டாட்டி மெதுவாக நடக்கிறாள் என்று நடுத்தெருவில் கத்துவார். பாடின வாய் இன்னும் ஈரம் காயாமல் இருக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டம்மா அவருடைய நாலு வயது மகளிடம், "அப்பா வந்தா என்ன பண்ணுவே?" என்று கொஞ்சலாகக் கேட்டாள். பிள்ளை, "செருப்புச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுவேன்" என்றது. சாதாரணமாக, சோறு சாப்பிடுவேன் என்பது போலச் சொன்னது. அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கு முழங்காலில் நின்றார். என் கோபத்தை எடுத்துப் போடும் ஆண்டவரே என்று கேட்டார். மறுநாள் காலையில் டீக்கு முன்னால் கோபம் வந்து நின்றது. கேட்டதும் கிடைக்கிற சாமான் இது இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

லிஃப்ட் வேலை கிடைத்தது அதற்கடுத்த மாதம். வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். லிஃப்டுக்குள் எந்த மனுஷரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை. எப்பேர்ப்பட்ட முரடனும் ஒரு நிமிஷம் நல்லவனாக இருந்துவிடலாம். வாழ்நாள் முழுக்க நல்லவனாக இரு என்றால் மலைப்பாக இருக்கிறது. ஆறாவது மாடி வருகிற வரைக்கும் இரு என்றால் முடிகிறது. கதவைத் திறக்கும்போது "ஸ்தோத்திரம்" என்று சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான். மற்றவர்களுக்கு அது வணக்கம் மாதிரி. அவருக்கு அது வாய்க்குப் போட்ட கடிவாளம். அந்த ஒரு சொல் வெளியே வருவதற்குள் உள்ளே இருந்து வரப்போன வேறு சொல் பின்வாங்கிவிடும்.

இப்படி நிமிஷம் நிமிஷமாக ஒட்டுப்போட்டு வருஷங்கள் ஆயின. வீட்டில்தான் கடைசியாக மாற்றம் வந்தது. "அந்த லிஃப்ட்ல இருக்காராமே ஒரு மனுஷன், ரொம்ப நல்லவராமே, ஒருநாள் வீட்டுக்கு அனுப்பி வைங்க, நானும் பாக்குறேன்" என்று வீட்டுக்காரம்மா குத்திக்காட்டுவாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனுஷனும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போகிற நாளில், அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். கட்டிலுக்கு அடியில் போனது அவளுக்கு ஞாபகமே இல்லை.

எல்லாம் சரிதான். ஆனால் மனுஷ உடம்பு ஒன்று இருக்கிறதே.

அந்த வருஷம் பெரிய லிஃப்ட் பழுதாயிற்று. ஏதோ ஒரு பாகம் வர வேண்டும் என்றார்கள். ஐந்து வாரம் ஆகியும் அந்தப் பாகம் வழியில்தான் இருந்தது. பெரிய லிஃப்டை ஓட்டுகிறவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சின்ன லிஃப்ட் ஒன்றே ஆறு மாடியையும் இழுத்தது. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அதை ஓட்ட இவர் ஒருவர். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு. "நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும். பார்வையாளர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்" என்று அலுவலகத்தில் அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள்.

ஸ்தோத்திரம் அந்த அட்டைக்குக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார். கர்ப்பிணி வந்தால் ஏற்றுவார். கைத்தடி ஊன்றி வருகிறவரை ஏற்றுவார். அந்தப் புதன்கிழமை காலையில் அலுவலகக் கிளார்க் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னங்க இது? இரக்கம் காட்டுறேன்னு கண்டவங்களையும் ஏத்துறீங்களாம். நேத்து ஆபரேஷனுக்குப் போற டாக்டர் ஏழு நிமிஷம் காத்துக்கிட்டு நின்னிருக்காரு. இன்னொரு தடவை புகார் வந்தா எழுத்துல கொடுக்க வேண்டி வரும், பாத்துக்கங்க."

"சரிங்க" என்றார். டாக்டர் நின்றது உண்மைதான். மறுக்க ஒன்றுமில்லை.

அன்றைக்குப் பார்த்துக் கூட்டம் அலைமோதியது. பத்து மணிக்கு ஒரு சின்னப் பிள்ளை லிஃப்டுக்குள் வாந்தி எடுத்தது. துப்புரவுக்காரம்மா மூன்றாவது மாடியில் இருந்தாள், இவரே துடைத்தார். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மூன்று வாய் வைத்தார். மணி அடித்தது. போய்விட்டு வந்தபோது எறும்பு ஏறியிருந்தது. மூன்று மணிக்கு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைக்காரர் ஒருவர், ஸ்ட்ரெச்சரை முதலில் ஏற்றியதற்காக, "மேலயும் கீழயும் போறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு இவ்வளவு திமிரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஸ்தோத்திரம் விழுங்கிக்கொண்டார். அது போய்த் தொண்டையிலேயே நின்றது.

ஆறு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்தது. கூட்டம் வடிந்தது. ஆறு பத்துக்கு அன்றைக்கு முதல் தடவையாக லிஃப்ட் காலியாகக் கீழ்த்தளத்தில் நின்றது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இடது காலை வலது முழங்காலின் மேல் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். விரல் வைத்த இடம் பள்ளமாகவே நின்றது.

அப்போது ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ஃபிளாஸ்க். கழுத்தில் தையற்காரர்களின் அளவு நாடா; அதைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள்.

"அண்ணே, அஞ்சாவது மாடி. அப்பாவுக்கு மூச்சு முட்டுதுன்னு போன் பண்ணாங்க."

அந்த நேரத்தில் அவர் வாயில் ஸ்தோத்திரம் வரவில்லை. காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் வந்தது.

"போர்டு படிக்கத் தெரியாதா? நேரமும் முடிஞ்சு போச்சு. படி இருக்குல்ல? கால் இருக்குல்ல? ஏறிப் போ."

சொல்லிவிட்டுக் கம்பிக் கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தினார். அவள் கெஞ்சவில்லை. கதவின் கம்பிகளுக்கு இடையே அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பி ஓடினாள். செருப்புச் சத்தம் முதல் மாடி வரைக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவர் மறுபடியும் காலை அமுக்கினார். பத்து நிமிஷம் ஒருவரும் வரவில்லை. பத்து நிமிஷமும் லிஃப்ட் காலியாக நின்றது.

ஏழேகாலுக்கு ஐந்தாவது மாடியிலிருந்து மணி அடித்தது. மேலே போய்க் கதவைத் திறந்தார். "ஸ்தோத்..." என்று பாதி வந்தது, மீதி வரவில்லை. வெள்ளைத் துணி மூடிய ஸ்ட்ரெச்சர். அதன் பக்கத்தில் அந்தப் பெண். கழுத்தில் இன்னும் அளவு நாடா.

ஸ்டூலை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஐந்தாவது மாடியிலிருந்து கீழே வர ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நடையில் ஐந்தாவது மாடியின் பெரிய சிஸ்டர் இறங்கினாள். அவளாகவே பேச்செடுத்தாள். "பாவம் அண்ணே. மக வந்துட்டாளா, மக வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு பெரியவரு. ரெண்டே ரெண்டு நிமிஷம். அவ வாசல்ல கால் வைக்கிறா, இங்க முடிஞ்சு போச்சு."

ஸ்தோத்திரம் வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் காலுக்கு வைத்தாள். காலை வைக்காமலே தண்ணீர் ஆறிப்போயிற்று. "என்ன?" என்றாள். "அசதி" என்றார். பொய்யில்லை. முழுசும் இல்லை.

அடுத்த மூன்று நாளும் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கேட்க ஒன்று உறுத்தியது. ஆண்டவரிடம் கேட்பது சுலபமாக இருந்தது. ரொம்பவும் சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் அன்றாட நடத்தையைப் பற்றிப் பேசினார். ஆராதனைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறோம், திங்கட்கிழமை அதைத் துவைக்கப் போடும்போது குணத்தையும் சேர்த்துத் துவைக்கப் போட்டுவிடுகிறோம் என்றார். சபை சிரித்தது. பிறகு, "தூரத்துல உதாரணம் தேட வேண்டாம். நம்ம ஸ்தோத்திரம் அண்ணன் இருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க. கதவைத் திறக்கிற விதத்துலயே ஒரு மனுஷன் சாட்சியா இருக்க முடியும்" என்றார்.

தலைகள் திரும்பின. முகங்கள் சிரித்தன. பக்கத்திலிருந்தவர் தொடையில் தட்டினார். ஸ்தோத்திரத்துக்குக் காது மடல் எரிந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று இருந்தது. போனால் அடக்கம் என்று அதையும் புகழ்வார்கள். உட்கார்ந்தே இருந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "போர்டுல போட்டிருக்கிறபடிதானே செஞ்சீங்க?" என்றாள்.

"ஆமா. யாரைக் கேட்டாலும் என் பக்கம்தான் நியாயம்னு சொல்லுவாங்க. அதுதான் தாங்கல."

"இப்ப என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

"போய்ச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எதுக்கு? அவளுக்கு ஆறுதலாவா, உங்க நெஞ்சுப் பாரம் குறையணும்னா? அப்பனைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கா. உங்க மூட்டையை இறக்கி வைக்க அவ தலைதான் கிடைச்சுதா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. போகாமலே இருந்துவிட்டால் அது பெருந்தன்மையா, கோழைத்தனமா என்றும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முகமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பெரிய சிஸ்டர் மறுபடி லிஃப்டில் ஏறினாள். இறந்துபோன பெரியவரின் மகள் கண்ணாடியையும் துண்டையும் வாங்கிப் போக வந்தாளாம். சின்னத் தையல் கடை வைத்திருக்கிறாளாம், மார்க்கெட்டுக்குப் பின்னால். அப்பாவும் மகளுமாக இரண்டே பேர்தானாம்.

"உக்காந்து ஒரே அழுகை அண்ணே. போன் வந்தப்ப அடுப்புல பால் இருந்துச்சாம். அப்பா பால் கேப்பாரேன்னு அது காயற வரைக்கும் நின்னு ஃபிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு வந்தாளாம். அந்தப் பாலாலதான் அப்பா முகத்தைப் பாக்க முடியாமப் போச்சு, நானே கெடுத்துக்கிட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டா. என்ன சொல்லியும் கேக்கல."

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. ஸ்தோத்திரம் கதவைத் திறக்கவில்லை. சிஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திறந்தார்.

தன்னுடைய பங்கையும் சேர்த்து அந்தப் பெண் சுமக்கிறாள் என்று தெரிந்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்காரம்மாவும் இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா போங்க" என்றாள். "போய்ச் சுத்தி வளைக்காதீங்க. அழுது கிழுது அவளை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீங்க. சொல்லிட்டு, அவ என்ன சொன்னாலும் கேட்டுட்டு வாங்க."

வியாழக்கிழமை அரைநாள் லீவு கேட்டு வாங்கினார். காலை பத்து மணிக்குக் கடையைக் கண்டுபிடித்தார். ஒரு தையல் மெஷினும் ஒரு ஆளும் நிற்கிற அகலம். ஆணிகளில் தைத்து முடித்த பாவாடைகளும் சட்டைகளும் தொங்கின. தரையெல்லாம் வெட்டுத் துணி. அவள் மெஷினில் இருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். மெஷினை மிதித்த கால் நின்றது.

"நான் ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டுறவன்" என்று ஆரம்பித்தார்.

"தெரியும். அந்த மூஞ்சியை மறப்பேனா?"

உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டே சொன்னார். "அன்னிக்கு உங்களை ஏத்தாம விட்டது என் தப்பு. எரிச்சல்ல பேசினதும் தப்பு. நீங்க பாலால லேட்டாயிடுச்சுன்னு நினைக்கிறதா சிஸ்டர் சொன்னாங்க. பால் இல்ல. லிஃப்ட்ல வந்திருந்தா ஒரு நிமிஷம். நீங்க அவரைப் பாத்திருப்பீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னை மன்னிக்கணும்."

அவள் மெஷினின் மேல் இருந்த துணியைத் தடவித் தடவி நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. பிறகு கேட்டாள்.

"ஒண்ணு கேக்குறேன். உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு லிஃப்ட் வேற எதுக்காச்சும் வேணும்னு நிறுத்தி வச்சிருந்தீங்களா? யாரையாச்சும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோக?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும் என்று அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. இரக்கப்பட்டுச் சொல்கிற பொய்யில் என்ன பாவம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அந்தப் பொய்யால் தப்பிக்கப்போவது தான்தான் என்பதும் கூடவே தெரிந்தது.

"இல்லம்மா. காலியாத்தான் நின்னுச்சு. நீங்க போனதுக்கு அப்புறமும் பத்து நிமிஷம் காலியாத்தான் நின்னுச்சு. எனக்குக் கால் வலி. அவ்வளவுதான் காரணம்."

அவள் முகம் மாறியது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஏதோ அவசரம், அதான் கத்துறாருன்னு நினைச்சுக்கிட்டேன். மூணாவது மாடியில மூச்சு வாங்கிச்சு. நிக்க முடியல. படியில உக்காந்துட்டேன். அப்பவும் உங்களைத் திட்டல. காலியா நின்னுச்சா? சும்மா?"

"ஆமா."

"போயிட்டு வாங்க" என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் தெருவில் இறங்கின பிறகு மெஷின் ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. நடுவில் நின்றது. மறுபடி ஓடியது.

பாரம் குறைந்ததா என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். "இல்ல" என்றார். "ஆனா இப்ப இது என்னோடதுதான்."

அந்த வாரமே போதகரைப் பார்க்கப் போனார். "ஐயா, இனிமே பிரசங்கத்துல என்னை உதாரணம் சொல்லாதீங்க" என்று நடந்ததைச் சொன்னார். போதகர் நல்ல மனுஷர். பேச்சுக்குப் பேர் போனவர். ஆனால் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் ஏதாச்சும் செய்யணுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"கோயில் பின்பக்கம் ஒரு பழைய பெஞ்சு கிடக்குதுங்களே. அது வேணும்."

ஒரு கால் ஆடிய பெஞ்சு அது. ஸ்தோத்திரம் அதற்குக் கட்டை வைத்து ஆணி அடித்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஆஸ்பத்திரி மூன்றாவது மாடிப் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் போட அனுமதி கேட்டால், படிக்கட்டில் தளவாடம் போட விதியில்லை என்றார் கிளார்க். பெரிய சிஸ்டர் போய், திருப்பத்தில் எத்தனை அடி அகலம் என்று அளந்து காட்டி, ஏறுகிற கிழவர்களில் யாராவது மயங்கி விழுந்தால் அந்தக் கேஸை அலுவலகத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். விதி கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. பெஞ்சு ஸ்ட்ரெச்சரைவிட நீளம், லிஃப்டில் நுழையவில்லை. ஸ்தோத்திரமும் துப்புரவுக்காரம்மாவின் வீட்டுக்காரருமாக அதைப் படிவழியே தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது மாடியில் இறக்கி வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். "இங்கயே போட்டுடலாமே அண்ணே" என்றார் அவர். "மூணாவதுதான்" என்றார் ஸ்தோத்திரம்.

பெரிய லிஃப்டுக்கு வேண்டிய பாகம் கடைசியில் ஒருநாள் வந்து சேர்ந்தது. அட்டையைக் கழற்றினார்கள். வேலை பழையபடி பாதியாயிற்று, ஆனால் கால் வீக்கம் பாதியாகவில்லை. கதவைத் திறக்கும்போது "ஸ்தோத்திரம்" என்று சொல்ல இப்போது அவருக்கு ஒரு கணம் பிடித்தது. முன்பு அது தானாக வந்தது. இப்போது யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்தத் தையற்காரம்மா வந்தாள். ஆறாவது மாடி அறைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஏற்பாடு பெரிய சிஸ்டருடையது. இரண்டு கைகளிலும் பெரிய பொட்டலங்கள். பெரிய லிஃப்ட் திறந்துதான் நின்றது. அவள் அதைப் பார்த்தாள், இதையும் பார்த்தாள். பிறகு சின்ன லிஃப்டில் ஏறினாள்.

"ஆறு" என்றாள்.

அவர் பொத்தானை அழுத்தினார். இரண்டாவது மாடி தாண்டியது.

"நீங்க வந்துட்டுப் போன அப்புறம் நாலு நாளு உங்களைக் கரிச்சுக் கொட்டினேன்" என்றாள், கதவைப் பார்த்தபடியே. "காலியா வச்சுக்கிட்டு உக்காந்திருந்தானே பாவின்னு. வாய் ஓயற வரைக்கும் திட்டினேன்."

"திட்ட வேண்டியதுதான்."

"அஞ்சாம் நாள் பால் காய்ச்சினேன். அதுவரைக்கும் வீட்டுல பால் வாங்கவே இல்ல. காய்ச்சிக் குடிச்சேன்."

வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பியது ஞாபகம் இருந்தது. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார், அதுவும் அவள் பார்க்காத பக்கம் திரும்பி.

ஆறாவது மாடி வந்தது. பொட்டலத்தில் ஒன்றை அவர் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். அறைவாசல் வரைக்கும் கொண்டுபோய் வைத்தார். "இன்னும் ரெண்டு நடை இருக்கு. இருப்பீங்கல்ல?" என்றாள். "எட்டு மணி வரைக்கும் இருப்பேம்மா" என்றார்.

அதன்பிறகு அவர் திருந்தியே போனார், ஒருநாளும் எரிந்து விழவில்லை என்று சொன்னால் அது கட்டுக்கதை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் நின்று நின்று வந்தது. மூன்று தடவை நடுவழியில் மாட்டினார். நாலாவது தடவை ஏற வந்த ஒரு கிழவரிடம், "எத்தனை தடவைய்யா சொல்றது, கதவுல கை வைக்காதேன்னு" என்று சீறிவிட்டார். கிழவர் பயந்து பின்வாங்கி, படிக்கட்டைப் பார்த்து நடந்தார்.

அன்று சாயங்காலம் வெந்நீரில் கால் வைத்தபடி இருந்தபோது வீட்டுக்காரம்மா கேட்டாள், "இன்னிக்கு எப்படி?"

"ஒருத்தர் மேல எரிஞ்சு விழுந்தேன்."

"அப்புறம்?"

"லிஃப்டை விட்டுட்டுப் பின்னாலயே ஓடினேன். முதல் மாடித் திருப்பத்துல பிடிச்சேன். காது சரியாக் கேக்காது போல அவருக்கு. நான் மன்னிப்புக் கேட்டது புரியவே இல்ல. எதுக்குப்பா ஓடி வர்றேன்னு கேட்டாரு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து ஏத்தி விட்டேன்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவந்து, காலை ஓரமாக நகர்த்தச் சொல்லி, பாத்திரத்தில் ஊற்றினாள்.